செல்விக்குக் கோபம் வரும் பாஷை

கேரள எல்லையிலுள்ள பாறசாலையில் பஸ் ஏறி, என் நாவலின் நாயகி செல்விக்கான விவரத்தாளைப் போனில் நிரப்பிக்கொண்டிருந்தேன். வயது, உயரம், பயம் எல்லாம் எழுதியும் பல மாதமாக உயிரில்லாமல் கிடக்கிறாள்.

பக்கத்து சீட்டு அக்கா எட்டிப் பார்த்தார். "யாரு மக்கா இவ?"

"நான் எழுதுற கதையில வாறவளாக்கும்."

"தாய்மொழி தமிழுன்னு போட்டிருக்கு. சண்டை எதுல போடுவா?"

"தமிழ்லதான்."

"கண்டக்டர்கிட்ட மலையாளத்துலல்லா போடணும்."

"வீட்டுக்காரர்கிட்ட?"

"அதுக்கு பாஷை எதுக்கு? சோத்துத் தட்டை வைக்கிய சத்தம் போதும்."

உதியன்குளங்கரையில் அவர் இறங்குவதற்குள் செல்வி மூச்சுவிடத் தொடங்கிவிட்டாள். பெயர் கேட்க மறந்த அந்த அக்காவுக்கு மனமார்ந்த நன்றி.

மதியம் என் வீட்டிலும் மனைவி வைத்த தட்டு சத்தமாகத்தான் வந்தது. நான் என்ன தப்பு செய்திருப்பேன், யாராவது சொல்லுங்களேன்.