ஆற்று முகத்துவாரத்தில் எங்கள் அண்ணன்

எங்கள் அண்ணன் போய் ஓராண்டு நிறைகிறது. அழுகை வரவில்லை. அண்ணனைப் பற்றி எழுதச் சொன்னார்கள், எழுதுகிறேன். இந்த நினைவு மலரை வாங்கும் சொந்தங்களில் பலரும் சைவம். இதில் மீனைப் பற்றி வரும். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் திருநெல்வேலி டவுனில் பிறந்தார். அப்பா தமிழாசிரியர். அண்ணனும் ஆசிரியர் வேலைக்கே போய்க் கணக்கு நடத்தினார். எங்கள் அம்மா தவறியபோது நான் சின்னப் பிள்ளை. எனக்குத் தலை பின்னி, சாப்பாடு கட்டிப் பள்ளிக்கு அனுப்பியதெல்லாம் அண்ணன்தான். அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. எனக்குக் கல்யாணம் முடித்துவிட்டுத்தான் தனக்கென்று பெண் பார்க்கச் சம்மதித்தார். மதினி நல்லவர்கள். மஞ்சள் காமாலையில் சீக்கிரமே போய்விட்டார்கள். குழந்தை இல்லை.

அதற்குப் பிறகு அண்ணன் வகுப்பில் மட்டும்தான் பேசினார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்து ஊருக்கு மாற்றல் வந்தது. யாரையாவது பிடித்து அதை ரத்து செய்யச் சொன்னோம். கேட்காமல் போய்விட்டார்.

அங்கே பக்கத்து வீட்டில் இருந்தவர் சூசை அண்ணாச்சி, மீன்பிடி வள்ளம் வைத்திருப்பவர். அண்ணன் தினமும் சாயங்காலம் முகத்துவாரத்தில் தண்ணீரை ஒட்டி நின்றுகொண்டே இருப்பாராம். ஒரு நாள் முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்றிருக்கிறார். அதைப் பார்த்துச் சூசை அண்ணாச்சிக்குப் பயம் தட்டியிருக்கிறது. ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் போய்த் தூண்டில் கயிற்றை அண்ணன் கையில் கொடுத்திருக்கிறார்.

“சார், சும்மா நிக்கியதுக்கு இதைப் பிடிச்சுக்கிட்டு நில்லும்” என்றாராம்.

இதை அண்ணன் எங்களிடம் சொன்னதே இல்லை. காரியம் முடிந்த பிறகு சூசை அண்ணாச்சி சொல்லித்தான் தெரியும்.

முதல் முறை இறாலைத் தூண்டில் முள்ளில் குத்தியபோது அண்ணன் வாந்தி எடுத்தாராம். ஆனாலும் மறுநாளும் போனார். பிடித்த மீனை அவர் ஒரு நாளும் சாப்பிட்டதில்லை. எல்லாம் சூசை அண்ணாச்சி வீட்டுக்கே போகும். திங்காதவனுக்கு எதற்கு இந்தப் பாவம் என்று கேட்டவர்கள் உண்டு.

செய்தி அப்பாவுக்குப் போயிற்று. “பூசை நடக்கிற வீடு இது. மீன் பிடிச்ச கையோட இங்கன வராண்டாம்” என்றார்கள் அப்பா. அண்ணன் அதன் பிறகு விடுமுறைகளில் பாளையங்கோட்டையில் என் வீட்டுக்கு வருவார். அடுப்படியில் முக்காலியில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டே மீனைப் பற்றிப் பேசுவார். மதினி போன பிறகு அவர் வாய் திறந்து பேசியது அதைப் பற்றி மட்டும்தான். அதனால் நானும் கேட்டேன்.

மீனை வாயில் வைத்தறியாத எனக்கு இன்றைக்கும் எல்லாம் நினைவிருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் ஆறு கலங்கலாக இறங்கும்போது கொடுவா முகத்துவாரத்துக்கு வரும். அதுதான் பெரிய மீன், கயிற்றை இழுக்கிற இழுப்பில் கை அறுபடும். மார்கழி, தையில் மடவை கூட்டமாகத் திரியும், ஆனால் தூண்டிலுக்கு லேசில் வராது; அதற்கு மாவு உருண்டைதான். மாசி, பங்குனியில் தண்ணீர் தெளிந்ததும் மணல் கரையோரம் கிழங்கான். சித்திரையில் பாறை மீன். ஆனி, ஆடியில் காற்று தூண்டில் கயிற்றை நிற்கவிடாது. அந்த மாதங்களில்தான் அண்ணன் என் வீட்டில் அதிகம் தங்குவார்.

ஒரு கார்த்திகையில் அப்பா, அவனைப் பார்க்கவேண்டும் என்றார்கள். நான் கூட்டிப்போனேன். அண்ணன் முகத்துவாரத்தில் இருந்தார். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஈரமணலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

“இதுல ஒனக்கு என்னல கெடைக்கி?” என்று அப்பா கேட்டார்கள்.

அண்ணன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “கயிறு கையில இருக்கிற வரைக்கும் வேற நெனப்பு வர மாட்டேங்குப்பா.”

அப்பா எழுந்து மணலைத் தட்டிவிட்டுக்கொண்டார்கள். பிறகு, “லீவுக்கு வீட்டுக்கு வா. குளிச்சிட்டு வா, போதும்” என்றார்கள்.

அதன் பிறகு அண்ணன் டவுன் வீட்டுக்கு வந்துபோனார்.

சென்ற பங்குனியில், பள்ளி விடுமுறை நாளில், கிழங்கானுக்குத் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே மணலில் உட்கார்ந்திருக்கிறார். பிறகு சாய்ந்துவிட்டார். சூசை அண்ணாச்சியும் வள்ளத்து ஆட்களும் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில், வரும்போதே உயிர் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

சூசை அண்ணாச்சி ஆட்களே வேன் பிடித்து டவுன் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அண்ணனை உள்ளே கிடத்திவிட்டு, கடற்கரையில் இருந்த உடுப்போடேயே தெருவில் போய் நின்றுகொண்டார்கள். எங்கள் வீட்டு வழக்கம் தெரிந்தவர்கள். அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போனார்கள்.

“அங்கன ஏன் நிக்கிய? உள்ள வாங்க. அவன் கூட இருந்தவுக நீங்கதான்.”

யாரோ முறையைப் பற்றி மெதுவாகச் சொன்னார்கள். அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. பாடையைத் தூக்கும்போது சூசை அண்ணாச்சியை முன்னால் நிற்கச் சொன்னார்கள். பக்கத்து வீட்டிலிருந்து காப்பி வந்தது. நான் வாங்கி வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு நான் செய்தது அதுதான்.

துணை நின்ற தலைமையாசிரியருக்கும், ஆற்றங்கரை வரை வந்த மாணவர்களுக்கும், காரியங்களை எடுத்துச் செய்த சித்தப்பாவுக்கும், கூடியிருந்த அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. சூசை அண்ணாச்சிக்கு நன்றி என்று எழுதினால் அவர் கோபித்துக்கொள்வார்.

அப்பா இப்போது அவ்வப்போது பஸ் ஏறி அண்ணாச்சி வீட்டுக்குப் போய்வருகிறார்கள். அங்கே என்ன பேசுவார்கள் என்று நான் கேட்பதில்லை. கிளம்பும்போது தூக்குச் சட்டியில் புளியோதரை கட்டிக் கொடுக்கிறேன். இரண்டு பேர் சாப்பிடும் அளவுக்கு.