இடம் பிடித்து வைத்திருப்பவர்

முந்தநாள் கிளினிக்குக்குப் போகச் சாவகச்சேரி பஸ்ஸில் ஏறி யன்னலோரம் உட்கார்ந்தேன். பக்கத்து இருக்கையில் என் கைப்பை. "ஆரும் வருகினமோ அன்ரி?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். வருகினம் என்று சொல்லிவிட்டேன். யாரும் வருவதாக இல்லை. அவள் கைதடி வரை நின்றுகொண்டே வந்தாள். பையை எடுத்திருக்கலாம், வெட்கத்தில் அதையும் செய்யவில்லை. என் புத்தி அப்படி.

எல்லாம் பழக்கதோஷம். என் முதல் உத்தியோகம் சாவகச்சேரியில், ஓர் அலுவலகத்தின் மொழிபெயர்ப்புப் பகுதியில். கோப்பாயில் ஏறும் நான், கைதடியில் ஏறும் மங்கைக்காகப் பையை வைத்து இடம் பிடிப்பேன். அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து மேசைக்காரி. சந்தன சோப் மணக்க ஏறுவாள். இன்றைக்கும் அந்த மணம் வந்தால் கொஞ்சம் தள்ளி இடம் விட்டு உட்காருகிறேன்.

ஒருநாள் கடற்படை லெப்டினன் ஒருவருக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லைக் கேட்டால் இயக்கச் சுவரொட்டிகளில் பார்த்த வேறு முகங்களும் நினைவுக்கு வரும், அதை விடுவோம். எதையும் தமிழாக்காமல் விடக்கூடாது என்ற கிறுக்கு அப்போது எனக்கு. அகராதியைப் புரட்டினேன். பிரெஞ்சுக்காரரின் சொல்லாம். முன்பாதி இடம், பின்பாதி வைத்திருப்பவர். மேலதிகாரி இல்லாதபோது அவருடைய இடத்தைக் காத்து நிற்பவர். தரையில் பிறந்து பிறகு கப்பலேறிய சொல். "இடம் பிடித்து வைத்திருப்பவர் அவர்களுக்கு" என்று எழுதிப் பெருமையோடு கொண்டுபோய் நீட்டினேன்.

படைகள் பிடித்து நின்ற காணிகளைப் பற்றியே ஊர் கதைத்துக்கொண்டிருந்த காலம் அது. தலைமை மொழிபெயர்ப்பாளர் கண்ணாடியைக் கழற்றினார்.

"பிள்ளை, எங்கடை சனம் இதை எப்பிடி விளங்கும்?"

தாளை அவரே கிழித்து, லெப்டினன் என்றே போடச் சொன்னார். மங்கை கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "அப்ப பஸ்ஸிலை நீர்தான் என்ரை லெப்டினன்" என்றாள். அலுவலகம் முழுக்க அதுவே என் பெயராயிற்று. கோபப்படுவதுபோல் நடித்தேன். உள்ளுக்குள் அப்படியொரு சந்தோஷம்.

பிறகு தமையன் கூப்பிட்டு அவள் கனடாவுக்குப் போனாள். ஒரு வருட லீவுதான், வந்துவிடுவேன், கதிரையைப் பார்த்துக்கொள்ளும் என்றாள். என்னுடையதைவிட ஒரு படி மேலான அவளுடைய வேலையைப் பதில் கடமையாக நான் பார்த்தேன். வருடம் முடிந்தும் அவள் வராமல் போக, அந்தப் பதவியை எனக்கே நிரந்தரமாகத் தரப் பார்த்தார்கள். வேண்டாம் என்றேன். அவள் வந்தால் எங்கே இருப்பாள்? கடைசியில் வேறொருவரைப் போட்டார்கள். நான் ஓய்வு பெறும்வரை அவரோடு முகம் கொடுத்துக் கதைத்ததில்லை. பாவம், அந்த மனிதர் என்ன செய்வார்.

அந்த அலுவலகம் இப்போது அங்கே இல்லை. தலைமை மொழிபெயர்ப்பாளரும் இல்லை. கைதடியில் மங்கையின் வீட்டைக் காணி வாங்கியவர்கள் வாசல் படலையோடு இடித்துவிட்டார்கள். காணியை விற்றாயிற்று என்று போன மாதம் அவளே தொலைபேசியில் சொன்னாள். ஒருக்கால் வந்து பார்த்துவிட்டு விற்றிருக்கலாமே என்றேன்.

"இனி அங்கை எனக்கு ஆர் இருக்கினம்?" என்றாள்.

அதுவும் சரிதான் என்றேன்.