வெந்நீர் ஊற்றுக்கு ஒன்றரை மணி நேரம்

அப்பா மார்ச் பதினொன்றாம் தேதி இறந்தார். நுரையீரல். இறப்புப் பதிவுப் படிவத்தில் தொழில் என்ற இடத்தில் 'டயர் பழுது பார்ப்பவர்' என்று எழுதினேன். அவர் செய்த இன்னொரு வேலைக்குப் படிவத்தில் இடமில்லை. வழி சொல்வது.

அவர் பெயர் அனிசெத்தோ வராச்சி. ஒரூரோ நகரத்திலிருந்து மேற்கே போகும் நெடுஞ்சாலையில், மண்பாதை ஒன்று பிரியும் இடத்தில், நாற்பத்தொரு வருடம் பஞ்சர் கடை வைத்திருந்தார். பேருந்து அங்கே நிற்கும். முதுகில் மூட்டையோடு வெளிநாட்டுக்காரர்கள் இறங்குவார்கள். முதலில் கண்ணில் படுவது அப்பாதான். எரிமலை எங்கே, ஏரி எங்கே, வெந்நீர் ஊற்று எங்கே என்று கேட்பார்கள். அப்பா கையை நீட்டுவார். "இந்தா, பக்கத்துலதான்."

நான் நில அளவையாளர். சாலைப் பணிகளுக்கு அளந்து கொடுப்பது என் வேலை. இதைப் பற்றி அவரிடம் பலமுறை சண்டை போட்டிருக்கிறேன்.

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்கப்பா."

"அம்மாடி, ஒருத்தர் கடல் தாண்டி வந்து நம்ம வாசல்ல நின்னு கேக்குறாரு. இல்லன்னு சொல்லி அனுப்புறதா?"

எங்கள் பக்கத்தில் எல்லாருமே அப்படித்தான். கேட்டவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது.

நான்கு வருடம் முன்பு, ஜூலை மாதக் குளிர்காலத்தில், ஒரு சனிக்கிழமை மூன்று மணிக்கு நான் பேருந்திலிருந்து இறங்கினேன். எதிரே சூப் விற்கும் பசிலியா அத்தை அண்டாவின் பின்னாலிருந்தே கத்தினார்.

"லீதியா, வந்துட்டியா! உங்கப்பா இன்னிக்கும் ஒண்ண வழி சொல்லி அனுப்பிட்டாரு. பொண்ணு. மூட்டை அவளவிட உசரம்."

அப்பா ஒரு லாரி டயரைப் பாதி கழற்றி வைத்திருந்தார்.

"எங்க அனுப்புனீங்க?"

"வெந்நீர் ஊத்துக்கு. செக் நாட்டுப் பொண்ணாம். யித்கான்னு பேரு. தங்கமான பொண்ணு."

"எத்தனை மணிக்கு?"

"ஒண்ணு இருக்கும்."

"எவ்வளவு தூரம்னு சொன்னீங்க?"

"ஒண்ணரை மணி நேரம்னேன்."

என் பையில் வரைபடம் இருந்தது. விரித்துக் காட்டினேன். இருபத்திரண்டு கிலோமீட்டர். நாலாயிரம் மீட்டர் உயரத்தில், சுமையோடு, மணிக்கு மூன்றரை கிலோமீட்டர்தான் நடக்க முடியும். ஆறேகாலுக்கு வெளிச்சம் போய்விடும். அப்போதும் நாலு கிலோமீட்டர் மிச்சமிருக்கும். இடையில் வீடு கிடையாது. முந்தின நாள் இரவு பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு டிகிரி.

அப்பா வரைபடத்தை ரொம்ப நேரம் பார்த்தார். அவருக்கு அது புரியாது. என் முகத்தைப் பார்த்தார். கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டு, கம்பளியைச் சுருட்டிச் சைக்கிளில் கட்டினார்.

"அண்ணே, என் டயரு?" என்றார் லாரிக்காரர்.

"என் மக போட்டுருவா."

போட்டேன். பதினாறு வயதுக்குப் பிறகு தொட்டதில்லை. ஐம்பது நிமிடம் ஆனது. லாரி போன பிறகு மண்பாதையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். தொலைபேசிக்கு அந்தப் பக்கம் சிக்னல் கிடையாது. அவர் நெஞ்சு அப்போதே சரியில்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து நேரத்தைக் கணக்குப் போட்டேன்.

"கவலப்படாத. போன வருஷம் ரெண்டு ஜெர்மன்காரங்கள அனுப்புனாரு. மூணாம் நாள் சிலே எல்லையில போயி நின்னாங்க. உசுரோடதான் இருந்தாங்க," என்றார் பசிலியா அத்தை.

"அத்தை, உங்களுக்குத் தெரியுமா அந்த ஊத்து எங்க இருக்குன்னு?"

"தெரியாம என்ன? பக்கத்துலதான்."

ஆறு மணிக்குப் பாதையில் இரண்டு உருவம் தெரிந்தது. சைக்கிளின் மேல் மூட்டை. அதை அவள் தள்ளிக்கொண்டு வந்தாள். அப்பா கம்பளியைப் போர்த்திக்கொண்டு பக்கத்தில் நடந்தார். கம்பளி அவளுக்காகக் கொண்டுபோனது.

ஏழாவது கிலோமீட்டரில், லாமா மந்தை மேய்க்கும் அம்மா ஒருத்தியின் பட்டியில் அவளைக் கண்டுபிடித்திருக்கிறார். செருப்புக் கடியோடு உட்கார்ந்து, அவிச்ச கிழங்கும் பாலாடைக் கட்டியும் தின்றுகொண்டிருந்தாளாம்.

யித்காவுக்கு எங்கள் மொழி அரைகுறை. "அந்த அம்மாகிட்டயும் கேட்டேன். அவங்களும் பக்கத்துல சொன்னாங்க. உங்க நாட்டுல எல்லாம் பக்கத்துல. ரொம்பப் பெரிய பக்கத்துல."

பசிலியா அத்தை அண்டாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நீ மெதுவா நடந்துட்டு எங்களச் சொல்றியா தாயி?"

நாலு நாள் போதும் என்று இந்த நாட்டுக்குள் வந்தாளாம். அது ஆறாவது வாரம். போகிற இடத்தில் எல்லாம் தப்பாக வழி சொல்கிறார்கள், அப்புறம் தேடிக்கொண்டு வந்து சோறு போடுகிறார்கள், எப்படிக் கிளம்புவது என்றாள்.

அப்பா சிரிக்கவில்லை. சூப்பைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

"நான் போனதே இல்ல," என்றார்.

"எங்கேப்பா?"

"ஊத்துக்கு. ஏரிக்கும்தான். மலைக்கும்."

அவர் தெரியாது என்ற பொருளில் எதையாவது சொல்லி நான் கேட்டது அது ஒரு தடவைதான்.

"ஒரு தடவையும் இல்லையா?" என்றாள் யித்கா.

"கடைய விட்டுட்டு எங்க போறது? டயரு வந்துருமே."

யித்கா தன் கிண்ணத்திலிருந்த இறைச்சித் துண்டை எடுத்து அவர் கிண்ணத்தில் போட்டாள். "நாளைக்கு நாம ரெண்டு பேரும் போறோம். வழியில அந்த அம்மா பட்டியில தூங்கலாம். லீதியா வரைபடம் தருவாங்க. நீங்க மட்டும் வழி சொல்லக் கூடாது."

அப்பா என்னைப் பார்த்தார். "நீயும் வாயேம்மா. ரெண்டு நாளுதான்."

"திங்கட்கிழமை அறிக்கை கொடுக்கணும்ப்பா."

மதகு ஒன்றின் அகலம் பற்றிய அறிக்கை. அந்த மதகை இன்னும் கட்டவில்லை.

மறுநாள் காலை ஏழரைக்கு என் பேருந்து வந்தது. அப்பா கடைக் கதவில் சங்கிலி போட்டுக்கொண்டிருந்தார். பகலில் அந்தக் கதவு மூடி நான் பார்த்ததில்லை. பசிலியா அத்தை வறுத்த சோளத்தை ஒரு துணியில் முடிந்து அவர் கையில் திணித்தார். பின்பக்க இருக்கையில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்தேன். அவர்கள் மண்பாதையில் இறங்கிவிட்டார்கள். அவர் முன்னால், அவள் இரண்டடி பின்னால். அவர் எதையோ கை நீட்டிக் காட்ட, அவள் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். சாலை வளையும் வரை, ஏறக்குறைய எண்ணூறு மீட்டருக்கு, அவர்கள் தெரிந்தார்கள்.