பாண்டிச்சேரியில் ரூம் போட்ட மாமா

என் அக்கா சாரதாமணியின் வீட்டுக்காரர் வெள்ளியங்கிரி மாமா, டீக்கடையில் டீ வாங்கினால் உடனே குடிக்கமாட்டார். கிளாஸைத் தூக்கி முதலில் அடியைப் பார்ப்பார். அடியில் என்னதான் இருக்கும் என்று பலமுறை கேட்டிருக்கிறேன். "ஒண்ணும் இல்லைன்னு தெரிஞ்சுக்கத்தான் மாப்ள பாக்கறது" என்பார். இந்தப் பதிலுக்கு மேல் ஒரு மனிதனிடம் என்ன பேசுவது?

குண்டடம் பக்கம் தோட்டங்காடு இருந்த குடும்பம். கிணறு வற்றியதும் திருப்பூர் நல்லூருக்கு வந்து, கீழே தையல் யூனிட், மேலே வீடு என்று கட்டிக்கொண்டார். பெரிய கம்பெனிகளுக்கு டி-ஷர்ட் தைத்துக் கொடுக்கிற வேலை. டைலர்கள் தைத்துக் கட்டிவைத்த பண்டலில் மேலே இருக்கும் பீஸை அவர் தொடவே மாட்டார். நடுவில் கையை விட்டு ஒன்றை உருவுவார். "மேல இருக்கறது நமக்குக் காட்டறதுக்குன்னு வெச்சது. நடுவுல இருக்கறதுதான் நெசம்" என்பார். தொழிலுக்கு அது சரிதான். ஆனால் தக்காளிக் கூடையிலும் நடுவில்தான் கை போகும். கல்யாணப் பந்தியில் அப்பளத் தட்டை நீட்டினால் அடியிலிருந்து உருவுவார். பரிமாறுகிறவர் முறைப்பார். நான் எனக்கும் அவருக்கும் சம்பந்தமில்லாத மாதிரி சாம்பாரைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அவர் அதிகமாகச் சந்தேகப்பட்டது குடியைத்தான். அதற்குக் காரணம் இருந்தது. அவருடைய அண்ணன் குடித்தே காட்டை அழித்து, குடித்தே போய்ச் சேர்ந்தார். மாமா மகள் சுபஸ்ரீ சின்னக் குழந்தையாக இருந்தபோது, அந்தப் பெரியப்பா வாசலில் நின்று கத்தினால் ஓடிவந்து என் வேட்டிக்குள் ஒளிந்துகொள்வாள். இன்றைக்கும் அந்த வாடை பட்டால் அவளுக்கு முகம் வெளுத்துப்போகும். மாமா ஒரு சொட்டுத் தொட்டவர் இல்லை. குழந்தைக்கு இருமல் மருந்து வாங்கினாலும் மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார்.

அப்படிப்பட்ட மனிதரின் மகளுக்கு மாப்பிள்ளை அமைந்தது எங்கே என்று நினைக்கிறீர்கள்? பாண்டிச்சேரியில்! பையன் குன்னத்தூர்க்காரன்தான், சென்னிமலை என்பவரின் மகன் நிதிஷ். வேலை மட்டும் பாண்டிச்சேரியில், ஒரு மருந்து கம்பெனியில். ஜாதகம் பொருந்தியது, பெண் பார்த்தார்கள், இரண்டு பேருக்கும் பிடித்துப்போனது. நாள் குறிக்க வருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சுபஸ்ரீ போனைப் பார்த்துத் தனியாகச் சிரிக்க ஆரம்பித்தாள். வீடே நிறைந்திருந்தது, மாமா மட்டும் பாண்டிச்சேரி என்ற பேரையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பாண்டிச்சேரில இருக்கற பையன் குடிக்கமாட்டானாமா? நம்பற மாதிரியா இருக்குது?"

விசாரித்தார். குன்னத்தூரில் விசாரித்தார், பெருமாநல்லூரில் விசாரித்தார், பையன் படித்த காலேஜ் வாட்ச்மேன் வரைக்கும் விசாரித்தார். எல்லோரும் பையன் தங்கம் என்றார்கள். அதுதான் வினையாகப் போனது.

"எல்லாரும் ஒரே மாதிரி சொல்றாங்கன்னா சொல்லிக் குடுத்து வெச்சிருக்காங்க மாப்ள. நேர்ல போய் நடுவுல உருவிப் பாத்தாத்தான் தெரியும்."

"ஏனுங் மாமா, அங்க ஆரையாச்சும் உட்டு விசாரிச்சாப் போதாதுங்களா?"

"ஆளை உட்டா, அந்த ஆளை ஆரு விசாரிக்கறது?"

அக்காவிடம் சென்னையில் ஆர்டர் கொடுக்கிற பார்ட்டியைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினார். நான் ஏன் போனேன் என்று கேட்காதீர்கள். அக்கா புருசன் கூப்பிட்டால் போகவேண்டும், அதுதான் எங்கள் ஊர்ச் சட்டம்.

பையன் குடியிருந்த வீடு, வாய்க்காலை ஒட்டிய பழைய தெரு ஒன்றில் மாடியில் இருந்தது. அதற்கு நேர் எதிரே ஒரு மலிவான ஓட்டல். பிரெஞ்சுக்காரன் காலத்து வீடாம். மஞ்சள் சுவர், ஆளை விட உயரமான மர ஜன்னல்கள், அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற உத்தரம். ஒரு துரை குடும்பத்தோடு ஆண்ட ஹாலைப் பிளைவுட் தட்டி அடித்து நாலைந்து ரூமாக்கியிருந்தார்கள். உத்தரத்தில் துரை காலத்துப் பூவேலைப்பாடு எங்கள் ரூமில் பாதி, பக்கத்து ரூமில் மீதி. கீழ்த்தளத்தில் பார். மாமா அதைப் பார்த்ததும் மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டார். ஆனால் எதிர் மாடி தெளிவாகத் தெரிகிற ஜன்னல் அங்கேதான் இருந்தது.

ரிசப்ஷனில் இருந்தவர் எழுந்து நின்று கும்பிட்டு, "வாங்க சார், டயர்டா வந்திருக்கீங்க, தண்ணி சாப்பிடுங்க" என்றார்.

"எதுக்கு இத்தனை மரியாதை?" என்று மாமா என் காதைக் கடித்தார். மரியாதையையே கோயம்புத்தூர் ஜில்லாவுக்கு எழுதிக் கொடுத்த மாதிரி பேசுகிற நாம், வேறு ஊர்க்காரன் மரியாதை கொடுத்தால் சந்தேகப்படுகிறோம். ஆதார் கார்டு கேட்டதும் மாமா என்னுடையதைக் கொடுக்கச் சொன்னார். நகல் எடுக்கும்போது மிஷினுக்குப் பக்கத்திலேயே போய் நின்றுகொண்டார்.

ரூமுக்குள் நுழைந்ததும் ஆரம்பித்தார். போன் டார்ச்சை அடித்து பல்பு, சுவிட்சு, சாமி படம் எல்லாவற்றிலும் கேமரா தேடினார். கண்ணாடி மேல் வேட்டியைத் தொங்கவிட்டார். அடுத்த ரூமுக்குப் போகிற பூட்டிய கதவு ஒன்று இருந்தது, அதை அடைத்துக் கட்டிலை இழுத்துப் போட்டார். கட்டிலில் விரித்திருந்த பெட்ஷீட்டைத் திருப்பிப் பார்த்து, "ஓரம் மடிச்சுத் தைக்கலை பாரு, இது கம்பெனில தள்ளுன ரிஜெக்ட் மால்" என்றார். கடைசியில் சட்டைப்பையிலிருந்து ஒரு நூலை எடுத்து, பேக்கின் ஜிப் மேல் குறுக்கே வைத்தார். நாங்கள் வெளியே போயிருக்கும்போது யாராவது திறந்தால் நூல் விழுந்துவிடுமாம். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் நூல் தரையில் கிடந்தது.

"பாத்தியா!" என்று துள்ளினார்.

"நான்தானுங் மாமா, சீப்பு எடுத்தேன்."

அவருக்கு வந்த ஏமாற்றத்தைப் பார்க்க எனக்கே பாவமாகிவிட்டது.

மறுநாள் முழுக்க மர ஜன்னலின் பட்டை இடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு என்பார்களே, அப்படி. பையன் காலையில் கோலத்தை மிதிக்காமல் தாண்டிப் போனான், வேலை முடிந்து வந்தான், துணி துவைத்துக் காயப்போட்டான். "நடிக்கறானோ?" என்றார் மாமா. "ஆருக்குங்க நடிக்கறான்? நம்ம இங்க இருக்கறதே அவனுக்குத் தெரியாதே!" என்று நான் எரிந்து விழுந்தேன். டீ கொண்டுவந்த ரிசப்ஷன்காரர் ஜன்னலையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னா சார், நீங்க போலீஸா? இல்ல வேற எதுனா விஷயமா? நம்ம லாட்ஜுக்குக் கெட்ட பேரு வரக்கூடாது, சொல்லிட்டேன்" என்றார்.

அதுவரை ஊரைச் சந்தேகப்பட்ட மனிதரை ஒரு ஊர் சந்தேகப்பட்டதும் மாமாவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "எங்களைப் பாத்தா எப்படித் தெரியுதுங்க உங்களுக்கு?" என்று சத்தம் போட்டார். ரிசப்ஷன்காரர் கிளாஸை எடுத்துக்கொண்டு போனார்.

அன்று பொழுது சாயும் நேரம். பையன் தெருவைக் கடந்து நேராக எங்கள் ஓட்டலுக்கு வந்தான். கீழே இருந்த பாருக்குள் நுழைந்தான்.

மாமா முகத்தில் சந்தோஷமா துக்கமா என்று சொல்லமுடியாத ஒன்று வந்தது. "நான் சொல்லலை?" என்றார். பையன் தன்னை அடையாளம் கண்டுவிடக் கூடாதே என்று தலையில் துண்டைப் போட்டு முகத்தில் பாதியை மறைத்துக்கொண்டு படி இறங்கினார். நானும் பின்னால் ஓடினேன். பார் மூலையில் காலியாக இருந்த ஒரு மேசையில் அவர் உட்கார்ந்தார். முன்னால் இருந்தவர்கள் குடித்துவிட்டுப் போன பாட்டில்கள் இன்னும் எடுக்கப்படாமல் கிடந்தன. நான் வாசல் தூணுக்குப் பின்னால் நின்றேன். பையன் கவுண்டரில் நின்றான். உள்ளேயிருந்து ஒரு பார்சலைக் கொடுத்தார்கள். பணம் கொடுத்தான், திரும்பினான், போய்விட்டான். பார்சலில் வறுத்த மீன் வாசம் அடித்தது. அந்தத் தெருவிலேயே மீன் வறுவல் அங்கேதான் நன்றாக இருக்குமாம், பாதித் தெரு அங்கேதான் பார்சல் வாங்குகிறது.

அவ்வளவுதான் விஷயம். மாமா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. நான் கிட்டே போனதும் "நல்ல பையன் மாப்ள" என்றார். அவர் வாயிலிருந்து யாரைப் பற்றியும் அப்படி ஒரு சொல் வந்து நான் கேட்டதில்லை. பக்கத்து மேசையில் நாலு பேர் கூச்சல் போட்டுச் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்ததை நாங்கள் இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

எடுத்தவன் திருப்பூர்க்காரன்! ராஜவேல் என்று சாயப்பட்டறைக்காரன் ஒருத்தன். அவன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் நாலு பேரும் பல்லைக் காட்டிக்கொண்டிருக்க, பின்னால் மூலையில், பாட்டில்களுக்கு முன்னால், துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எங்கள் மாமா. நாங்கள் பஸ்ஸில் தூங்கிக்கொண்டு வருவதற்குள் மானம் கப்பலேறி, ஊர் சுற்றி, குன்னத்தூருக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. திருப்பூரில் ஒருவன் வீட்டில் சொல்லாமல் பாண்டிச்சேரிக்குப் போய் ரூம் போட்டான் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

நாள் குறிக்க வருகிறேன் என்ற சென்னிமலை நல்லூர் வீட்டுக்கு வந்தார். தாம்பூலத் தட்டு எதுவும் கொண்டுவரவில்லை. அக்கா கொடுத்த காபியை அப்படியே கீழே வைத்தார். சுபஸ்ரீ சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. ஒரு வார்த்தை கேட்டுப்போடறனுங்க" என்று போனை நீட்டினார். "இது நீங்கதானுங்களா?"

மாமா பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். குடிக்கப் போகவில்லை, உங்கள் பையனைப் பார்க்கப் போனோம் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. மாமா என் காலை நசுக்கி மிதித்தார்.

"நான்தானுங்க" என்றார். "எப்பவாச்சும் ஒருக்காங்க. ஊட்ல தெரியாதுங்க."

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டாள். சமையலறை நிலையில் நின்றவளை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை.

சென்னிமலை நீளமாக மூச்சு விட்டார். "மறைக்காம சொன்னீங்க பாருங்க, அது போதுமுங்க எனக்கு. இல்லைன்னு சாதிச்சிருந்தா எந்திரிச்சுப் போயிருப்பேன். என்ற பையன் தொடமாட்டான், அது என்ற பொறுப்பு. உங்களை நீங்க பாத்துக்கங்க." காபியை எடுத்துக் குடித்தார். அன்றைக்கே நாள் குறித்தார்கள்.

அவர் போனதும் நான் மாமாவைக் கீழே யூனிட்டுக்குள் தள்ளிக்கொண்டு போய்க் கத்தினேன். "உங்களுக்குக் கிறுக்குப் புடிச்சிருக்குதுங்களா? ஒரு சொட்டுத் தொடாத மனுசன்!"

"நான் குடிச்சேன்னா என்ற பேரு போகும், அவ்வளவுதான். உங்க பையனை நம்பாம ஒளிஞ்சு பாத்தேன்னு சொன்னா, நாளைக்கு அந்த ஊட்ல ஒரு பேச்சு வரும்போதெல்லாம் 'உங்கப்பன் எங்களை வேவு பாத்தவன்தானே'ன்னு அவளைக் குத்துவாங்க. அதை அவ சுமக்கோணுமா?"

"சுபஸ்ரீகிட்டயாச்சும் நெசத்தைச் சொல்லுங்க."

"அவ புருசன்கிட்ட எதையும் மறைக்கமாட்டா மாப்ள. அவளை அப்படி வளத்தீட்டேன்."

அக்காவிடம் மட்டும் சொன்னார். சத்தியம் வாங்கிக்கொண்டு சொன்னார். என்னிடமும் வாங்கினார். சுபஸ்ரீ கதை எதுவும் படிக்கிறவள் இல்லை, அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

கல்யாணம் நன்றாக நடந்தது. தாரை வார்க்கும்போது சுபஸ்ரீ அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை, அவர் கையைத்தான் பார்த்தாள். கை நடுங்குகிறதா என்று பார்த்திருப்பாள். நடுங்கத்தான் செய்தது, மகளைக் கொடுக்கிற எந்தத் தகப்பனுக்கு நடுங்காது? அவள் அதையும் வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள் என்று எனக்குத் தெரியும். எனக்கு அங்கேயே மைக்கை வாங்கிச் சொல்லிவிடலாம் போல ஆத்திரம் வந்தது.

இப்போது ஆடிக்கு வந்திருக்கிறாள். வந்த அன்று மாமா ஆசையாக எதிரே போனார். அவள் கிட்டே வந்து, பாசமாகச் சாய்கிற மாதிரி அவர் தோளில் தலையை வைத்து, மெல்ல மூச்சை இழுத்துப் பார்த்தாள். மாமாவுக்குப் புரிந்தது. அவள் மோந்து முடிக்கும் வரை அசையாமல் நின்றார்.

நேற்று மத்தியானம் நானும் மாமாவும் சாப்பிட்டுவிட்டுக் கீழே இறங்கினோம். டைலர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். யூனிட்டுக்குள் சுபஸ்ரீ தனியாக நின்றிருந்தாள். எங்களைப் பார்க்கவில்லை. சுவரோரம் அடுக்கியிருந்த பண்டல்களில் பாட்டில் தேடிக்கொண்டிருந்தாள். மேலே இருந்ததை அவள் தொடவில்லை. அடுக்கின் நடுவில் கையை விட்டுத் துழாவினாள்.

நான் மாமாவின் காதருகே குனிந்தேன். "சொல்லிப்போடட்டுங்களா மாமா?" என்று கேட்டேன்.

"வேண்டாம்" என்றார். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாரு மாப்ள, கரெக்ட்டா நடுவுலயே கையை உடறா."

அவள் தேடி முடித்து மேலே போகும் வரை நாங்கள் படிக்குப் பின்னால் நின்றோம்.