கவிஞர் கட்டிலுக்கு ஒரு மெத்தை

வலது கை கம்பால் அடிக்க, இடது கை கட்டிபட்ட பஞ்சைக் கிள்ளிப் பிரித்துப் போட்டது. அடி விழ விழக் கறுப்புக் கொட்டைகள் தரையில் சிதறி ஓடின. இலவம் பஞ்சு பொங்கிக்கொண்டு முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டது. கதவும் ஜன்னலும் சாத்திய அறை. வாயைத் துணியால் கட்டியிருந்ததால், பாடிய பாட்டு முனகலாகத்தான் வெளியே வந்தது.

ரஹ்மத்துன்னிசா தளவாய்புரத்தில் பிறந்தவள். ராஜபாளையத்தில் அண்ணன் சேக் முகைதீனின் மெத்தைக் கடையில் தலையணை தைத்தே முப்பதைத் தாண்டியவள். மெத்தையைத் தொட அண்ணன் விடமாட்டார். "தலையணைக்குக் கை போதும்ட்டி. மெத்தைக்குப் பாரம் வேணும். ஏறி உருண்டு அமுக்கலைன்னா பஞ்சு உக்காராது. நீ உருண்டா எறும்பு உருண்ட மாதிரி."

அய்யனார் கோவில் போகிற வழியில், மாந்தோப்புக்குள் இருந்தது அந்தப் பண்ணை வீடு. பெரிய கவிஞர் ஒருவர் வாழ்ந்த வீடு. மறுநாள் நினைவில்லமாகத் திறக்கப்போகிறார்கள். அவர் மெத்தையை எலி தின்றுவிட்டது. ஆர்டர் வந்த அன்று அண்ணனுக்குக் காய்ச்சல்.

"நான் கட்டுறேன். சரியா வரலைன்னா ஆயுசுக்கும் தலையணையே தைக்கிறேன்" என்று வாயைக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

காலையிலிருந்து கரண்ட் இல்லை. காவல்காரர் சீனிச்சாமி, வந்துவிட்டதா என்று பார்க்க எல்லா சுவிட்சையும் தட்டிவிட்டு, அணைக்காமல் போயிருந்தார். நினைவில்லக் கமிட்டிச் செயலாளர் வைகுண்டராஜ், கனத்த உடம்புக்காரர், கதவைத் திறந்து, "முடிஞ்சுதாம்மா?" என்று உள்ளே வந்து சாத்திய நேரம் பார்த்துக் கரண்ட் வந்தது.

ஃபேன் சுற்றியது. அறை காணாமல் போனது.

"யாரு அங்க?" என்றது வெள்ளைக்குள்ளிருந்து வைகுண்டராஜ் குரல்.

"நாந்தான் சார். அசையாதீய. கதவைத் தொறந்திராதீய."

அவள் தடவித் தடவிப் போய் ஃபேனை அணைத்தாள். பஞ்சு மெல்ல இறங்கியது. தும்மல் கேட்டு ஓடிவந்த சீனிச்சாமி, ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தார். சுவரில் மாட்டியிருந்த படத்தில் கவிஞருக்கு நெஞ்சு வரை வெள்ளைத் தாடி. வைகுண்டராஜுக்குப் புருவமே தெரியவில்லை.

"சார், நீங்கதான் இப்ப கவிஞர் மாதிரி இருக்கீய" என்றார் சீனிச்சாமி.

"உள்ள வந்து பொறுக்கும்வே, பேச்சைப் பாரு."

அறை சாத்தியிருந்ததால் பஞ்சு எங்கும் போய்விடவில்லை. மூவரும் பொறுக்கினார்கள். ஒருவர் தலையில் ஒருவர் பொறுக்குவதைப் பார்த்து, "அய்யனார் கோவில் குரங்கு தோத்துச்சு" என்றார் சீனிச்சாமி. ரஹ்மத்துன்னிசாவுக்குச் சிரிப்பு வந்தால் பஞ்சு பறக்கும். பறந்தால் மறுபடி சிரிப்பு.

பஞ்சை உறையில் அடைத்து வாயைத் தைத்தாள். மெத்தை சினை ஆடு மாதிரி உப்பி நின்றது. ஏறி உருண்டாள். அசையவில்லை. அண்ணன் சொன்னது சரியாகிவிடும் போலிருந்தது. மெத்தையைப் பார்த்தாள். பிறகு வைகுண்டராஜைப் பார்த்தாள்.

"சார், செத்த நேரம் படுத்து உருளுறீயளா?"

"கவிஞர் படுக்கைம்மா. யாரும் தொடக்கூடாதுன்னு போர்டு எழுதினதே நான்."

"கட்டில்ல ஏறுனாத்தான் சார் அது கவிஞர் படுக்கை. தரையில கெடக்கிற வரைக்கும் என் மெத்தை."

அவர் யோசித்தார். செருப்பைக் கழற்றினார். ஒரு தரம் உருண்டவருக்கு ருசி கண்டுவிட்டது. "இந்த ஓரம் சரியா அமுங்கலையே" என்று அவரே திரும்பத் திரும்ப உருண்டார். சீனிச்சாமியும் சேர்ந்துகொண்டார். அவள் நெடிய ஊசியோடு, "சார் காலை எடுங்க" என்று துரத்தித் துரத்தி மேலிருந்து அடிவரை தையல் போட்டாள்.

சாயங்காலம் காய்ச்சல் கண்ணோடு சைக்கிளில் வந்து இறங்கினார் சேக் முகைதீன். மெத்தை நடுவில் முஷ்டியால் குத்தினார். அமுங்கி, எழுந்தது. மூலைகளைத் தடவினார்.

"எப்படிட்டி உக்கார வச்ச?"

"பாரம் வச்சேண்ணே."

"பாரம் ஏது?"

"கமிட்டில குடுத்தாக."

வைகுண்டராஜ் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். காதுமடலில் இன்னும் பஞ்சு.

"ஓரத்துல இன்னும் ரெண்டு தையல் போட்டிருக்கலாம்" என்றார் அண்ணன். இன்னொரு குத்துக் குத்திவிட்டு, "சேத்தூர் கல்யாண மெத்தையையும் நீயே கட்டிரு" என்றார்.

 சிரித்தால் பறக்க இப்போது பஞ்சு இல்லை என்பதால் ரஹ்மத்துன்னிசா நன்றாகச் சிரித்தாள். மெத்தை கட்டிலுக்குப் போகும் முன் அதை ஒருமுறை தட்டி, தலைமாட்டைத் தூக்கி வைகுண்டராஜின் நீட்டிய கைகளில் வைத்தாள்.

"பிடிங்க சார். இனிமே இது கவிஞருது."