கடைசியாக இருந்த ஒரு கார்டு

போன வருடம் மழை தொடங்கிய சமயம். மும்பை தாராவியில் ஒரு தோல் பை பட்டறையில் கணக்கு வேலை பார்க்கிறேன். வெளியூர் ஆர்டர்கள் எங்கள் வெப்சைட் வழியாக வருவதால், அதற்கான சர்வரைப் பட்டறை மாடியிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று முதலாளி முடிவெடுத்தார். அங்கே கம்ப்யூட்டர் முன்னால் உட்காருபவள் நான் ஒருத்திதான். "நீயே பாத்து வாங்கிட்டு வந்துரும்மா" என்று சொல்லிவிட்டார்.

வாங்க வேண்டியது ரெய்டு கன்ட்ரோலர் என்ற கார்டு. ஒரு டிஸ்க் கெட்டுப்போனாலும் தகவல் அழியாமல் அது பார்த்துக்கொள்ளுமாம். கம்ப்யூட்டர் மார்க்கெட்டில் முதல் கடைக்காரர், பேட்டரி வைத்த கார்டுதான் வேண்டும் என்றார். பக்கத்துக் கடையில் பேட்டரி வீண் என்றார்கள். அடுத்தவர் ஒன்று, ஐந்து, பத்து என்று எண்களாகச் சொல்லி, "கௌன்சா சாஹியே?", எது வேண்டும் என்று இந்தியில் கேட்டார். அது டிஸ்க்குகளின் எண்ணிக்கையா, வேறு ஏதாவதா என்றுகூட எனக்குப் புரியவில்லை. தலையை ஆட்டி ஆட்டிக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். கடைசியில், கொஞ்சம் பொறுமையாகப் பேசிய ஒருவர் நீட்டிய கார்டை வாங்கிவிட்டேன்.

பையில் வைக்கும்போது ஒரு பெண் மூச்சிரைக்க வந்தார். கையில் கருகிய கார்டு. அதே மாடல் வேண்டும் என்றார். கடைக்காரர் என்னைக் காட்டி, கடைசிப் பீஸை இவர் எடுத்துவிட்டார் என்றார்.

கார்டு வாங்கியதை நான் முதலாளியிடம் போனில் தமிழில் சொன்னதைக் கேட்டு, அந்தப் பெண் தயங்கித் தயங்கி அருகே வந்தார்.

"அக்கா, செம்பூர்ல டயாலிசிஸ் சென்டர்ல வேலை செய்றேன். நாளைக்கு யார் யார் எத்தனை மணிக்கு வரணும்னு எல்லாம் எங்க சர்வர்லதான் இருக்கு."

"டிஸ்க் போயிடுச்சா?"

"டிஸ்க் நல்லாத்தான் இருக்கு. கார்டுதான் எரிஞ்சிடுச்சு. அதே கார்டு இல்லாம அத படிக்க முடியாதுங்கறாங்க."

எனக்குத் தலை சுற்றியது. தகவலைக் காப்பாற்ற வாங்கும் கார்டே, தகவலைப் பூட்டியும் வைக்குமா? முதலாளியிடம் கேட்காமல் கொடுக்கலாமா? ஒன்றும் தெளிவாகவில்லை. ஆனாலும் பையைத் திறந்து கார்டை அவர் கையில் கொடுத்துவிட்டேன். கடைக்காரர் பில்லை அவர் பெயருக்கு மாற்றி, என் பணத்தைத் திருப்பித் தந்தார்.

பட்டறைக்குத் திரும்பியதும் முதலாளிக்குக் கோபம் வந்தது. "வாங்குன சாமானக் குடுத்துட்டு வெறுங்கையோட வாரியா?"

நடந்ததைச் சொல்லிவிட்டு, "நம்ம கார்டும் அப்படி எரிஞ்சா என்ன செய்யிறது, பாய்?" என்று கேட்டேன்.

அவர் உடனே வெப்சைட் செய்து கொடுத்தவருக்கு போன் போட்டார். எங்கள் அளவுக்குத் தனிக் கார்டே தேவையில்லை, சர்வரே ஒரே தகவலை இரண்டு டிஸ்க்கிலும் எழுதிக்கொள்ளும், வேறோர் இடத்தில் தனியாக ஒரு நகலும் இருக்கட்டும் என்றார் அவர். அப்படியே செய்தோம்.

மறுநாள் காலையில், கடையில் என் நம்பர் வாங்கிப் போயிருந்த அந்தப் பெண் போன் செய்தார். "வந்துடுச்சுக்கா, எல்லார் பேரும் வந்துடுச்சு" என்றார்.

கடைக்காரர்கள் சொன்னதில் பாதி எனக்கு இன்றும் புரியவில்லை. ஆனால் எதையாவது தீர்மானிக்கத் தெரியாமல் குழம்பி நிற்கும்போதெல்லாம், அது இப்போது யாருக்கு அவசரம் என்று ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.