தூரைப் புரட்டிப் பார்ப்பவள்

ஆவுடையார்கோவிலிலிருந்து மீமிசல் போகும் சாலையை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் அந்த ஊரில், இளமதியைப் பூச்சிக்காரி என்று கூப்பிட ஆரம்பித்தது கேலிக்காகத்தான். அவளுடைய அக்கா சொர்ணவல்லிக்கு முதலில் அது சுருக்கென்றுதான் இருந்தது. பிறகு பழகிவிட்டது. இப்போது யாராவது அப்படிக் கூப்பிட்டால், எந்தப் பூச்சியைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறார்கள் என்றுதான் பார்க்கிறாள்.

சொர்ணவல்லி எட்டாவது வரை படித்தவள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமையல் உதவியாளர். இளமதி பன்னிரண்டாவது முடித்ததும் திருப்பூருக்குப் போய், பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை பார்த்தாள். தைத்து வரும் துணியில் குறை இருக்கிறதா என்று பார்த்துத் தள்ளுகிற வேலை. கல்யாணமாகி, கணவன் மினி பஸ் ஓட்டுகிற வேலையை இங்கேயே தேடிக்கொண்டதால் ஊருக்குத் திரும்பினாள். வந்த கையோடு அக்காவிடம் அவள் கேட்டது, அப்பா விட்டுப்போன வயலை நாமே பயிர் வைக்கலாமா என்பதைத்தான்.

அந்த வயல் அப்போது அழகுமலையிடம் குத்தகைக்கு இருந்தது. அப்பாவுக்குத் தம்பி முறை. வயலுக்கு மேல்புறத்து வயலும் அவருடையதுதான். வயலைத் திரும்பக் கேட்டபோது அவர் கோபப்படவில்லை. சிரித்தார்.

"எடுத்துக்கங்க ஆத்தா, ஒங்க வயல்தானே. ஒரு போகம் பாருங்க. பனியனுக்கு நூல் வெட்டுன கைக்கு வரப்பு வெட்ட வருதான்னு பாப்போம். வரலேன்னா தையில எங்கிட்டயே குடுத்துருங்க. வெளியாளுக்கு மட்டும் விட்டுறாதீங்க."

சொர்ணவல்லி சரி என்றாள். அந்தப் பேச்சு அக்கா, தங்கை இருவர் மனத்திலும் முள்ளாகக் கிடந்தது. ஒரு போகம். அதற்குள் வயல் தங்களுடையதுதான் என்று ஆக வேண்டும்.

இளமதி வயலைப் பார்த்த விதம் ஊரில் யாரும் பார்க்காத விதம். மற்றவர்கள் வரப்பில் நின்று பயிரின் தலையைப் பார்ப்பார்கள். பச்சை ஓட்டமாக இருந்தால் திருப்தியாகத் திரும்பிவிடுவார்கள். இவள் உள்ளே இறங்கிக் குனிந்து, நெற்குத்தை இரண்டாகப் பிரித்து, அடித்தூரைப் பார்ப்பாள். சொர்ணவல்லி ஒருநாள் கேட்டாள்:

"என்னடி அங்கிட்டுக் குனிஞ்சு தேடுற? தோட்டைத் தொலைச்சவ மாதிரி."

"பனியனை வெளியில பாத்தா எல்லாம் அழகாத்தான்க்கா இருக்கும். உள்ளே புரட்டினாத்தான் தையல் விட்டது தெரியும். பயிரும் அப்படித்தான்."

நாற்று நடும்போது ஆட்களை நிறுத்தி, நாற்றின் நுனியைக் கிள்ளிவிட்டு நடச் சொன்னாள். குருத்துப்பூச்சி முட்டை வைப்பது அந்த நுனியில்தான். ஆட்களில் ஒருத்தி, "நகம் வெட்டி விடச் சொல்றா, அடுத்து மருதாணி வைக்கச் சொல்லுவா" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், இளமதியும் சேர்ந்து. ஆனால் ஒரு நாற்றுமுடியைக்கூடக் கிள்ளாமல் நட விடவில்லை. இலை சுருண்டு உள்ளே வெள்ளை வெள்ளையாகச் சுரண்டியிருந்தபோது, கருவை முள் கொப்பைக் கயிற்றில் கட்டி, இருபுறமும் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து அக்காவும் தங்கையும் பயிர்மேல் இழுத்துப் போனார்கள். சுருள் பிரிந்து புழு தண்ணீரில் விழுந்தது. நட்டு வைத்திருந்த குச்சிகளில் கரிக்குருவிகள் வந்து உட்கார்ந்து மிச்சத்தைப் பார்த்துக்கொண்டன. இதையெல்லாம் அவள் வேளாண்மை அலுவலர் நடத்திய வயல்வெளிப் பயிற்சியில் கற்றுக்கொண்டாள். அந்த அம்மாள் சொன்னதை ஒன்று விடாமல் செய்து பார்த்தவள் இவள் ஒருத்திதான் என்பது சொர்ணவல்லியின் எண்ணம். மற்றவர்கள் டீயும் வடையும் சாப்பிட்டு வந்தார்கள்.

அந்த வருஷம் ஐப்பசியில் பெய்த மழை கார்த்திகையில் நின்றுபோனது. கண்மாய் பாதிக்குமேல் ஏறவில்லை. கண்மாய்த் தண்ணீரை, ஊருக்கு நீர்பாய்ச்சியாக இருந்த நாகராசுதான் முறைவைத்துத் திறந்துவிடுவார். ஒருவர் முறை போனால் மறுபடி எப்போது வரும் என்று அவருக்கே தெரியாது. இப்படிப்பட்ட வருஷங்களில் அந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. முறை வரும்போது கிடைக்கிற தண்ணீரை எல்லாம் வயலில் ஏற்றி, வரப்பில் தண்ணீர் போகிற வழியான வாமடையை இறுக அடைத்து, வரப்பு தளும்பத் தேக்கி வைத்துவிடுவார்கள். கண்மாயை நம்ப முடியாது, வயலே நமக்குக் கண்மாய் என்பார்கள். சொர்ணவல்லியின் அப்பாவும் அப்படித்தான் செய்தார். சகோதரிகளும் அப்படித்தான் தேக்கியிருந்தார்கள்.

மார்கழியில் கதிர் வெளிவந்து பால் பிடிக்கத் தொடங்கிய நேரம். ஒரு காலையில் சொர்ணவல்லி பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, முழங்கால்வரை சேற்றோடு இளமதி வந்து நின்றாள்.

"அக்கா, வயலுக்கு வா. இப்பவே."

வயலின் நடுவே, ஒரு கட்டில் அளவுக்குப் பயிர் பழுப்பேறிச் சாய்ந்திருந்தது. புகை பட்டதுபோல. வரப்பிலிருந்து பார்த்தால் அவ்வளவுதான் தெரிந்தது. இளமதி அதற்கு வெளியே, நன்றாகப் பச்சையாக இருந்த குத்து ஒன்றைப் பிரித்து அக்காவைக் குனியச் சொன்னாள். தண்ணீருக்குச் சற்று மேலே, தண்டு முழுவதும் பழுப்புக் குருணையை ஒட்டிவைத்ததுபோல் பூச்சிகள். கையால் தட்டியதும் குருணை குதித்தது.

"புகையானா?" சொர்ணவல்லிக்குக் குரல் இறங்கிப்போனது. அப்பா காலத்தில் ஒருமுறை வந்து, களத்துக்கு வைக்கோல் மட்டும் வந்து சேர்ந்தது அவளுக்கு நினைவிருந்தது.

"ஆமாக்கா. ஆனா இங்க பாரு." இளமதி ஓர் எவர்சில்வர் தட்டைத் தூரில் சாய்த்துப் பிடித்துத் தட்டினாள். பழுப்புப் பூச்சிகளோடு இரண்டு சிலந்திகளும், பச்சையாக நெட்டுக்கால் வைத்த சின்னப் பூச்சிகளும் விழுந்தன. "இந்தச் சிலந்தி புகையானைப் பிடிச்சுத் திங்கும். பச்சையா இருக்கே, அது அதோட முட்டையை உறிஞ்சும். நம்ம ஆளுக இன்னும் இருக்காக. மருந்தடிச்சா மொதல்ல போறது இவுகதான். பொறவு புகையானுக்குக் கேக்க நாதியில்ல."

"அப்ப என்னதான் செய்யிறது?"

இளமதி தட்டைத் தண்ணீரில் அலசினாள்.

"தண்ணிய வடிக்கணும்."

சொர்ணவல்லி நிமிர்ந்தாள். கண்மாய் வற்றிக்கொண்டிருக்கிறது. பயிர் பால் பிடிக்கிறது. இந்த நேரத்தில் காய்ந்தால் கதிர் பதராகும்.

"தூருக்குள்ள ஈரமும் புழுக்கமும் இருக்கற வரைக்கும் அது பெருகிக்கிட்டேதான் இருக்கும்க்கா. நாமதான் குளம் கட்டிக் குடி வச்சிருக்கோம். வடிச்சு, பயிரை அங்கங்க பிரிச்சுப் பட்டம் பட்டமா வழி விட்டா, காத்தும் வெயிலும் அடியில போகும். நீ சரின்னு சொன்னாத்தான் வெட்டுவேன். இது ஒனக்கும் பங்குள்ள வயலு."

சொர்ணவல்லி தங்கையைப் பார்த்தாள். சிறு வயதில் பொய் சொல்லும்போது இளமதிக்கு மூக்கு விடைக்கும். இப்போது விடைக்கவில்லை. பயமும் இருந்தது, அதை மறைக்கவும் இல்லை.

"வெட்டு" என்றாள்.

வெட்டுவது அவ்வளவு எளிதாக இல்லை. தண்ணீர் இல்லாத வருஷத்தில் வயல் தண்ணீரை ஓடையில் விடுபவரை ஊர் சும்மா விடாது. நாகராசு வரப்பில் நின்று தலையைச் சொறிந்தார்.

"ஓடையில விட்டா நாளைக்கு எம்மேலதான் வருவாங்க. நான் திறந்துவிட்ட தண்ணியில்ல?"

"ஓடைக்கு வேணாம்ண்ணே. ரசியாக்கா வயலுக்கு விடுறேன்."

அவர்கள் வயலுக்குக் கீழே, கடைசி வயல் ரசியா பேகத்துடையது. அவர் மகன் சவுதியில் இருக்கிறான். கடைமடை என்பதால் முறைத் தண்ணீர் அங்கு போய்ச் சேர்வதற்குள் சுண்டிவிடும். பிந்தி நட்ட பயிர் சுணங்கிக் கிடந்தது. செய்தி போனதும் ரசியா பேகம் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வேகமாக வந்தார்.

"தண்ணி தாரேங்குறே, மகராசியா இரு. ஒன் பூச்சியும் சேந்து வருமா புள்ள? அதைச் சொல்லிடு."

"பூச்சி தண்டுலதான்க்கா இருக்கு, தண்ணிக்குள்ள இல்ல. கீழ்ப்பக்கத்து ஓரத்துல ஒண்ணும் இல்ல, நீங்களே இறங்கிப் பாருங்க. வாமடையில வைக்கோலைப் பரப்பி விடுறேன், மிதக்குறதும் நின்னுரும்."

ரசியா பேகம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, உண்மையிலேயே இறங்கி, குத்துக் குத்தாகப் பிரித்துப் பார்த்த பிறகுதான் தலையாட்டினார். நாகராசு ஒரு நிபந்தனை போட்டார்: "வடிச்ச பொறகு, முறை வரும்போதுதான் தண்ணி. நடுவில எங்கிட்ட வந்து கண்ணைக் கசக்கக்கூடாது."

வாமடையில் மண்வெட்டி விழுந்தது. அப்போது அழகுமலை அவருடைய வயலில் பவர் ஸ்பிரேயரோடு நின்றார். அவர் வயலிலும் இரண்டு இடத்தில் புகைந்திருந்தது. பயிர் வெளுக்கிறதென்று யூரியாவைச் சற்றுத் தாராளமாகவே போட்டிருந்தார். மிட்டாய்போல இனித்திருக்கும் பூச்சிக்கு என்று இளமதி பின்னால் சொன்னாள்.

"தண்ணிய வெட்டி விடுறியா? கிறுக்குப் புடிச்சிருச்சா ஆத்தா ஒனக்கு? மழை இனி கெடையாது. வாடைக்காத்து திரும்பிருச்சு பாரு."

"மழையை நம்பி வெட்டலைங்க சித்தப்பா. நீங்களும் வடிச்சிட்டு, மருந்தைத் தூருல படற மாதிரி அடிங்க. மேலாப்புல அடிச்சா எலைதான் குளிக்கும்."

"எனக்குச் சொல்லித் தாரியா? சரி சரி. தையில பேசிக்குவோம்."

தைக்கு இன்னும் எத்தனை நாள் என்று சொர்ணவல்லி விரல்விட்டு எண்ணினாள்.

அழகுமலையின் வரப்பிலிருந்து கசிந்த தண்ணீர் வயலைக் காய விடவில்லை. இளமதி மேல்வரப்பை ஒட்டிச் சின்ன வாய்க்கால் ஒன்று இழுத்து, கசிவையும் ரசியா பேகத்தின் வயலுக்குத் திருப்பினாள். இருவரும் நீண்ட மூங்கில்களை வைத்துப் பயிரை இங்கிட்டும் அங்கிட்டுமாகச் சாய்த்து, ஆள் நடக்கிற அகலத்தில் பட்டங்கள் பிரித்தார்கள். கருகிய இடத்தைச் சுற்றி மட்டும், இளமதி சோப்புக் கரைசலில் கலந்த வேப்பெண்ணெயைத் தூரில் படும்படி குனிந்து குனிந்து அடித்தாள். மற்ற இடத்தில் ஒரு சொட்டு மருந்து விழவில்லை.

பிறகு காத்திருப்பதுதான் வேலை. அதுதான் சொர்ணவல்லிக்கு முடியாத வேலை. சேறு இறுகியது. பிறகு மண்ணில் முடிபோல வெடிப்பு ஓடியது. பள்ளிக்கூடத்தில் சாம்பாரில் உப்பை இரண்டு முறை போட்டுவிட்டு, ஆசிரியர்களிடம் பேச்சு வாங்கினாள். சாயங்காலம் வயலுக்கு ஓடிவந்து ஒரு நெல்மணியை நகத்தால் நசுக்குவாள். பால் வெள்ளையாக வந்தால்தான் வீட்டுக்குப் போவாள். அழகுமலையின் வயலில் மருந்தடித்த கையோடு பூச்சி ஒடுங்கியதுபோல் இருந்தது. டீக்கடையில் அவர் அதைச் சொல்லிக்கொண்டிருப்பதாகவும் காதில் விழுந்தது.

"என்னடி, அவருக்குக் கொறைஞ்சிருச்சாமே."

"எலையில இருந்தது செத்திருக்கும்க்கா. தூருல இருக்கறது அப்படியேதான் இருக்கும். முட்டையும் பொரிக்கும். அதைத் திங்க அங்கிட்டுச் சிலந்தி இல்ல." இளமதி அதைச் சந்தோஷமாகச் சொல்லவில்லை.

அவள் தினமும் தட்டை எடுத்துக்கொண்டு மூலைக்கு மூலை தட்டிப் பார்த்தாள். ஒரு காலையில் தட்டை அக்காவிடம் நீட்டினாள். சிலந்திகள் ஓடின. பழுப்புக் குருணை அங்கொன்றும் இங்கொன்றும். கருகல் அந்தக் கட்டில் அளவைத் தாண்டவில்லை. சொர்ணவல்லி தட்டை வாங்கி, மறுபடி தானே ஒரு குத்தைத் தட்டிப் பார்த்தாள். அதிலும் அப்படித்தான்.

முறை வந்தபோது கண்மாயில் மடைக்குமேல் ஒரு சாணளவு தண்ணீர்தான் நின்றது. நாகராசு வழக்கம்போல, "ரொப்பிக்க, இதுதான் கடைசி" என்றார். இளமதி வெடிப்பு மூடுகிற அளவுக்கு நனைத்துவிட்டு, மிச்சத்தைக் கீழே விட்டாள். ரசியா பேகம் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் அவர் வீட்டிலிருந்து வட்டலப்பம் வந்தது, தேங்காய்ப்பாலில் செய்த இனிப்பு.

தை பிறந்து, அறுவடை மெஷின் வந்த நாளில் சொர்ணவல்லி லீவு போட்டாள். நெல் தார்ப்பாயில் கொட்டும்போது கையை விட்டு அள்ளினாள். பதர் எல்லா வருஷமும் இருக்கிற அளவுதான். மெஷின் கருகிய இடத்தைச் சுற்றிக்கொண்டு போனது. மேல்வயலில் அழகுமலையின் பயிர் பெரிய பெரிய வட்டங்களாகத் தீய்ந்து கிடந்தது. பாதிகூடத் தேறாது.

அவர் வரப்பு வழியாக வருவதைச் சொர்ணவல்லி பார்த்தாள். குத்தகைப் பேச்சுக்கு என்ன பதில் சொல்வது என்று மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அவர் வந்து, தார்ப்பாயில் ஒரு பிடி நெல்லை அள்ளி, கையில் தேய்த்து ஊதினார். பெருமூச்சு விட்டார்.

"மணி நல்லா வச்சிருக்கு" என்றார். பிறகு சொர்ணவல்லியைப் பார்க்காமல், இளமதியைப் பார்த்தார். "கோயிலுக்குப் பின்னால எனக்கு ஒரு வயல் கெடக்கு, பிந்தி நட்டது. அதுலயும் தண்ணி தேங்கித்தான் நிக்குது. ஒரு எட்டு வந்து பாக்குறியா? எங்கிட்டு வெட்டணும்னு சொல்லு, நானே வெட்டிக்கிறேன்."

"தையில பேசிக்குவோம்னீங்களே சித்தப்பா" என்றாள் இளமதி. மூக்கு விடைக்கவில்லை, உதட்டில்தான் சிரிப்பு எட்டிப் பார்த்தது.

"அதான் பேசிட்டேனே. கெளவனை ரொம்பச் சோதிக்காத, வா."

இளமதி சேலைக்கு மேல் போட்டிருந்த கணவனின் பழைய சட்டையின் கையை மடித்துவிட்டு, தட்டையும் எடுத்துக்கொண்டு அவர் பின்னால் நடந்தாள். மெஷின் டிரைவர், ஆத்தூர்ப் பக்கத்துப் பையன், இன்ஜினை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்தபடி பார்த்தான்.

"யாருங்கக்கா அது? அக்ரி ஆபீஸ்ல இருந்து வந்தவங்களா?"

சொர்ணவல்லி நெல்லைக் குவித்துக்கொண்டே சொன்னாள்:

"இல்ல தம்பி. இந்த வயலுக்காரி. என் தங்கச்சி."